குளிரை எண்ணும் மரங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் ராஜபாளையத்துப் பழக்கடைகளில் சப்பட்டைக்குத்தான் முதல் மரியாதை. பக்கத்திலேயே பஞ்சவர்ணம் கூடை கூடையாக இறங்கியிருக்கும். இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோப்புகளில் காய்த்த மாம்பழங்கள். அதே கடையின் மேல்தட்டில் ஆப்பிளும் இருக்கும். அது நாட்டின் மறுகோடியில், இமாசலத்திலோ காஷ்மீரிலோ பறிக்கப்பட்டு, லாரி ஏறி வந்திருக்கும்.

இவ்வளவு தூரம் சுமந்து வருவதற்குப் பதிலாக, இங்கேயே நாலு ஆப்பிள் கன்று நட்டால் என்ன? வீட்டில் கேட்டுப் பாருங்கள். “நம்ம ஊர் வெயிலுக்கு அது தாங்குமா?” என்பார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. நிழலும் தண்ணீரும் கொடுத்தால் ஆப்பிள் கன்று இங்கேயும் சில காலம் உயிரோடு இருக்கும். அதற்கு இங்கே கிடைக்காத பொருள் ஒன்று உண்டு. அது குளிர்! உறைபனி விழும் நாட்டு மரங்கள் குளிரைப் பொறுத்துக்கொள்வதோடு நிற்பதில்லை. எத்தனை மணி நேரம் குளிர் அடித்தது என்று கணக்கும் வைத்துக்கொள்கின்றன. கணக்கு நிறைந்தால்தான் பூக்கும்.

ஃபிரிட்ஜ் சொல்லும் சேதி

முதலில் அடுப்படிக்குப் போவோம். ஒரு வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் தோல் கறுத்துவிடும். பழுக்காத மாங்காயை வைத்தால், பிறகு வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. தோலில் கரும்புள்ளி விழும். ஆப்பிளோ அதே ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் புதிதாகவே இருக்கும். ஏன் இந்த வித்தியாசம்?

எல்லாத் தாவரங்களும் செல்களால் ஆனவை. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் மிக மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அந்தச் சவ்வில் கொழுப்புப் பொருள் நிறைய உண்டு. மார்கழி விடியலில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து வெள்ளையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் உறையாமல் ஓடும். கொழுப்பின் வகை வேறு என்பதால்தான் அப்படி. வெப்ப நாட்டு மரங்களின் சவ்வு தேங்காய் எண்ணெய் மாதிரி, குளிர் பட்டதும் இறுகிவிடும். இறுகிய சவ்வு கசியத் தொடங்கும், செல் பாழாகும். மாவும் வாழையும் உறைநிலைக்கு வெகு முன்பே, 12 டிகிரி அளவிலேயே துன்பப்படுவது இதனால்தான். குளிர்நாட்டு மரங்களோ இலையுதிர் காலம் வந்ததும் தங்கள் சவ்விலுள்ள கொழுப்பையே மாற்றிக்கொள்கின்றன. கடுங்குளிரிலும் அது இளக்கமாக இருக்கும்.

பனிக்கட்டியை எங்கே உருவாக்குவது?

இதைவிடப் பெரிய ஆபத்து பனிக்கட்டி. நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருமன் கூடும். கழுத்துவரை தண்ணீர் நிரப்பிய கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தால் உடைந்துவிடும் அல்லவா? மரத்தின் செல்லுக்குள்ளும் நீர்தான் இருக்கிறது. உள்ளே பனிக்கட்டி விளைந்தால் அதன் கூரிய முனைகள் செல்லைக் கிழித்துவிடும்.

இதற்கு மரம் என்ன செய்கிறது தெரியுமா? செல்லுக்குள் இருக்கும் நீரில் ஒரு பகுதியை வெளியே அனுப்பிவிடுகிறது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவிலுள்ள சந்துகளில் அந்த நீர் உறையும். அங்கே உறைந்தால் கேடு குறைவு. உள்ளே மீதமிருப்பது சர்க்கரையும் புரதமும் கலந்த கெட்டியான சாறு. அது எளிதில் உறையாது.

இன்னொரு வித்தையும் உண்டு. தூய்மையான நீர்த்துளி, பனிக்கட்டி விளையத் தொடங்க ஒரு தூசோ துகளோ கிடைக்காவிட்டால், பூச்சியத்துக்குக் கீழே போயும் நீராகவே இருக்கும். ஏறக்குறைய மைனஸ் 40 டிகிரி வரை இப்படி இழுத்துப் பிடிக்கலாம். ஆப்பிள் மரத்தின் கட்டையிலுள்ள செல்கள் இந்த வித்தையால்தான் தப்பிக்கின்றன. அதற்கும் கீழே போனால் வித்தை பலிக்காது.

ஆனால் வில்லோ, பாப்ளர் போன்ற வடகோடி மரங்கள் இந்த எல்லையையும் தாண்டிவிட்டன. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஆய்வு செய்த அகிரா சகாய், குளிர்காலக் குச்சிகளை முதலில் மெல்ல மெல்ல உறைய வைத்தார். பிறகு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்தார். குச்சிகள் சாகவில்லை! அவற்றை மெதுவாகச் சூடேற்றியபோது உயிரோடு இருந்தன. இந்த முடிவை 1960-இல் அவர் வெளியிட்டார். செல்லுக்குள் உறைவதற்கு நீரே இல்லாத அளவுக்கு அவை தங்களை உலர்த்திக்கொள்வதுதான் காரணம்.

இதே குச்சியைக் கோடைகாலத்தில் வெட்டி மைனஸ் 5 டிகிரியில் வைத்தால் என்ன ஆகும்? செத்துவிடும். அதாவது, மரத்தின் வலிமை எப்போதும் இருக்கும் வலிமை இல்லை. குளிர் வருவதற்கு முன்பே தயாராக வேண்டும். அப்படியென்றால், குளிர் வரப்போகிறது என்று மரத்துக்கு யார் சொல்வது?

இலைகளிடம் இருக்கும் கடிகாரம்

வெப்பநிலையை மட்டும் நம்ப முடியாது. குளிர்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரம்கூட நல்ல வெயில் அடிக்கலாம். ஆண்டுதோறும் பொய் சொல்லாத ஒரே அடையாளம் இரவின் நீளம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான வேறுபாடுதான் உண்டு. அதனால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவிலோ அந்த வேறுபாடு ஏறக்குறைய ஏழு மணி நேரம்! அங்குள்ள மரங்களின் இலையில் ஃபைட்டோகுரோம் என்ற ஒளியுணரும் நிறமி இருக்கிறது. இரவு நீள நீள, அதன் வழியாக மரத்துக்குச் சேதி போகும். வளர்ச்சி நிற்கும். மொட்டுகள் செதில்களால் மூடிக்கொள்ளும். இலையிலுள்ள பச்சையம் சிதைக்கப்படும், இலையின் நைட்ரஜன் போன்ற சத்துகள் தண்டுக்குத் திரும்பும். அதுவரை பச்சைக்குப் பின்னால் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படும். பிறகு இலை உதிரும்.

தெருவிளக்கின் அடியில் நிற்கும் மரக்கிளைகள் மட்டும் நாள் கடந்தும் பச்சையாக இருப்பதைக் குளிர்நாட்டு நகரங்களில் பார்க்கலாம். விளக்கு வெளிச்சத்தால் அவற்றுக்கு இரவின் நீளம் சரியாகத் தெரிவதில்லை.

விழிப்பதற்கும் ஒரு கணக்கு

உறக்கநிலைக்குப் போவது முதல் பாதி. சரியான நாளில் விழிப்பது இரண்டாம் பாதி. இதுதான் இன்னும் சிக்கலானது. ஜனவரியில் திடீரென்று நான்கு நாள் வெயில் அடிக்கிறது என்று வையுங்கள். ‘வசந்தம் வந்துவிட்டது’ என்று நம்பி மரம் பூத்துவிட்டால் அவ்வளவுதான். விரிந்த ஆப்பிள் பூ மைனஸ் 4 டிகிரியைக்கூடத் தாங்காது. அந்த ஆண்டு காய் கிடையாது.

அதனால் ஆப்பிள் மொட்டு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் அது கூட்டிக்கொண்டே வரும். பல ஆப்பிள் ரகங்களுக்கு 1,000 மணி நேரம் அளவுக்குக் குளிர் தேவைப்படும். இதைத் தோட்டக்கலைக்காரர்கள் குளிர் நேரம் என்கிறார்கள். கணக்கு நிறையாதவரை எவ்வளவு வெயில் அடித்தாலும் மொட்டு அசையாது. நிறைந்த பிறகு வெயில் அடித்தால் திறக்கும்.

இப்போது ராஜபாளையத்துக்கு வாருங்கள். மார்கழி, தை விடியலில்கூட இங்கே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆப்பிள் மொட்டின் கணக்கில் ஒரு மணி நேரம்கூடச் சேராது. கிளை நுனியில் மட்டும் கொஞ்சம் துளிர் வரும். மற்ற மொட்டுகள் மூடியே கிடக்கும். ஒன்றிரண்டு பூ தப்பித் தவறி, ஆளுக்கொரு காலத்தில் வரும்.

இந்தக் கணக்கு மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கிறது. மெக்சிகோவில் ஒரு விந்தையான பீச் மரவகை கிடைத்தது. குளிர் வந்தாலும் அது உறக்கநிலைக்கே போவதில்லை, நுனி வளர்ந்துகொண்டே இருந்தது. ஆராய்ந்தபோது, மற்ற பீச் மரங்களில் வரிசையாக இருக்கும் சில மரபணுக்கள் இதில் சிதைந்தும் விடுபட்டும் போயிருந்தது தெரிந்தது. எண்ணத் தெரியாத மரம்!

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், மலாங் நகருக்கு அருகே, உழவர்கள் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். அங்கே உறைபனி கிடையாது. அறுவடை முடிந்ததும் ஆப்பிள் மரத்தின் இலைகளை எல்லாம் கையால் உருவிவிடுவார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவதற்கு முன்பே அது தூண்டப்பட்டுப் பூக்கத் தொடங்கும். இப்படி ஆண்டுக்கு இரண்டு முறை காய் பறிக்கிறார்கள்.

கடுங்குளிரில் மரம் வளர்த்தவர்கள்

நம் நாட்டில் குளிர் நேரம் தாராளமாகக் கிடைப்பது இமயமலைச் சரிவுகளில். 1870-இல் கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் குலு பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டம் போட்டார். அந்தப் பழங்கள் புளிப்பாக இருந்ததால் உள்ளூர்க்காரர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1904-இல் அமெரிக்காவிலிருந்து இந்தியா வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், சிம்லாவுக்கு அப்பால் கோட்கரில் குடியேறினார். 1916-இல் அமெரிக்காவிலிருந்து ‘ரெட் டெலிஷியஸ்’ கன்றுகளை வரவழைத்து நட்டார். இனிப்பான பழம்! அக்கம்பக்கத்து உழவர்களுக்கும் கன்று கொடுத்தார். இமாசலம் ஆப்பிள் மாநிலம் ஆனதற்கு அவர் பெரிய காரணம். இந்திய விடுதலைப் போரில் சிறை சென்ற அந்த அமெரிக்கர், பிற்காலத்தில் சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

இமாசலத்தைவிடக் கொடிய குளிர் கனடாவின் சமவெளிகளில். அங்கே ஐரோப்பிய ஆப்பிள் மரங்கள் முதல் குளிர்காலத்திலேயே பட்டுப்போயின. ஒட்டாவா மத்திய ஆய்வுப் பண்ணையின் முதல் இயக்குநர் வில்லியம் சாண்டர்ஸ், சைபீரிய நண்டு ஆப்பிளைத் துணைக்கு அழைத்தார். அதன் பழம் இலந்தைப்பழ அளவுதான், புளிப்பாக இருக்கும். ஆனால் மைனஸ் 40 டிகிரியையும் தாங்கும். அதன் பூவில் நல்ல ஆப்பிளின் மகரந்தத்தைச் சேர்த்து, இரண்டின் குணமும் கலந்த கன்றுகளை உருவாக்கினார்.

அதே பண்ணையில் 1920 முதல் பணியாற்றிய இசபெல்லா பிரெஸ்டன் பழத்தை விட்டுவிட்டுப் பூவைக் கவனித்தார். குளிரைத் தாங்கி, வசந்தத்தில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் நண்டு ஆப்பிள் மரங்களை உருவாக்கினார். அவற்றுக்குக் கனடாவின் ஏரிகளின் பெயர்களைச் சூட்டினார். ஆறு மாதம் வெறும் குச்சியாக நிற்கும் தெருக்களில் ஒரு பூமரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்!

குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் செய்யும் வேலைகளும் வேடிக்கையானவை. மரத்தடியில் விழுந்த பனியை அவர்கள் எளிதில் அகற்றமாட்டார்கள். வேர், கிளை அளவுக்குக் குளிர் தாங்காது. மேலே கிடக்கும் பனி வேருக்குப் போர்வையாகிறது. அடிமரத்துக்கு வெள்ளை அடிப்பார்கள். குளிர்கால வெயிலில் சூடான பட்டை, சூரியன் மறைந்ததும் சட்டென்று உறைந்து வெடிக்காமல் இருக்க அந்தப் பூச்சு உதவும். பூக்கும் நாளில் உறைபனி வரும் என்று தெரிந்தால், இரவு முழுக்க மரத்தின்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். கேட்க முரணாக இருக்கிறதா? நீர் உறையும்போது வெப்பத்தை வெளியே விடும். தொடர்ந்து தெளித்துக்கொண்டே இருந்தால் பூவின் வெப்பநிலை பூச்சியத்துக்கு மிகக் கீழே இறங்காது.

நம் மலையடிவாரத்து உழவர்களுக்கும் அவர்களுக்கும் பொதுவான கலை ஒன்று உண்டு. அதுதான் ஒட்டுக் கட்டுவது. இங்கே நாட்டு மாங்கன்றின்மேல் நல்ல ரகத்துக் குச்சியை ஒட்டுவார்கள். அங்கே சைபீரிய நண்டு ஆப்பிளின் வேர்க்கன்றின்மேல் இனிப்பு ஆப்பிளின் குச்சியை ஒட்டுவார்கள். கீழே தாங்குவது ஒன்று, மேலே காய்ப்பது வேறொன்று.

கணக்கு குறைந்த ஆப்பிள்

நமக்கு அருகிலேயே ஆப்பிள் வளரும் இடம் கொடைக்கானல். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம் என்பதால் பிளம்ஸும் பேரியும் அங்கே நன்றாக வருகின்றன. அங்குள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், குறைந்த குளிரே போதும் என்கிற ‘பார்லின்ஸ் பியூட்டி’ என்ற ஆப்பிள் ரகத்தைப் பரிந்துரைத்தது.

இன்னும் வியப்பான கதை இமாசலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் நடந்தது. பனியாலா என்ற தாழ்வான, வெக்கையான கிராமத்தில் வாழும் உழவர் ஹரிமன் சர்மா. தன் தோட்டத்தில் விதையிலிருந்து முளைத்த ஓர் ஆப்பிள் செடி அந்தச் சூட்டிலும் காய்த்ததைக் கவனித்து, அதிலிருந்து ஒட்டுக் கட்டிப் பெருக்கினார். அந்த ரகத்தின் பெயர் எச்.ஆர்.எம்.என்-99. வெப்பமான மாநிலங்களிலும் உழவர்கள் அதை இப்போது நட்டுப் பார்க்கிறார்கள். 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆய்வகம் ஏதும் இல்லாமல், உற்றுக் கவனித்ததற்குக் கிடைத்த பரிசு அது.

இத்தகைய ரகங்கள் இப்போது அவசரமாகத் தேவைப்படுகின்றன. புவி சூடாவதால் இமயமலையின் தாழ்ந்த சரிவுகளில் குளிர் நேரம் குறைந்துவருகிறது. குலுவின் கீழ்ப்பகுதி உழவர்கள் சிலர் ஆப்பிளை விட்டு மாதுளைக்கும் காய்கறிக்கும் மாறிவிட்டார்கள். ஆப்பிள் தோட்டங்கள் கின்னவுர், லாஹவுல் என்று இன்னும் உயரத்துக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன.

நம் மரங்களுக்கும் கணக்கு உண்டு

‘இதெல்லாம் குளிர்நாட்டு விஷயம், நம் மரங்கள் சும்மா இருக்கின்றன’ என்று நினைக்காதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவுக் காட்டை மாசி, பங்குனியில் பார்த்தால் பல மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். இங்கே உறைபனி எங்கிருந்து வந்தது? வரவில்லை. மண்ணில் ஈரம் வற்றிவிட்டது. இலை இருந்தால் அதன் வழியே நீர் ஆவியாகப் போய்விடும் என்பதால் மரம் அதை உதிர்க்கிறது. வடக்கிலும் இதே கதைதான். மண்ணிலுள்ள நீர் உறைந்துவிட்டால் வேரால் அதை உறிஞ்ச முடியாது. குளிர்நாட்டு மரத்துக்குப் பனிக்காலமும் நம் மரத்துக்குக் கோடையும் தாகத்தின் காலங்களே.

நம் மாமரமும் குளிரைக் கவனிக்கிறது. ஆப்பிள் அளவுக்கு அதற்கு வேண்டாம். கார்த்திகைக்குப் பிறகு மழை ஓய்ந்து, இரவுகள் இளங்குளிராகவும் மண் சற்றே காய்ந்தும் இருந்தால், முதிர்ந்த கொப்புகளில் மாம்பூ வரும். மார்கழியிலும் மழை விடாமல் பெய்தாலோ, இரவுகள் புழுக்கமாக இருந்தாலோ, பூ வர வேண்டிய இடத்தில் கொழுந்து வந்துவிடும். அந்தச் சித்திரையில் சப்பட்டைக்கு விலை ஏறிவிடும்!

இந்தக் கணக்கை நம்பி வாழும் உயிர்களும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்புப் பகுதியில் வாழும் சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-இல் தனிச் சரணாலயமே அமைக்கப்பட்டது. மரம் விட்டு மரம் தாவி, பழம், விதை, தளிர் என்று தின்னும் விலங்கு அது. ஒரு மரம் ஓயும்போது இன்னொன்று காய்த்தால்தான் அதற்கு ஆண்டு முழுக்கச் சாப்பாடு.

செய்து பார்க்கலாம்

ஆப்பிள் விதையும் குளிரை எண்ணும் என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம்.

1. ஆப்பிள் விதைகளைக் கழுவி இரண்டு பங்காகப் பிரியுங்கள். இரண்டையும் தனித்தனி ஈரத்துணியில் மடித்து, தனித்தனி டப்பாவில் போட்டு, தேதி எழுதுங்கள்.

2. ஒரு டப்பாவை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். மற்றதை அலமாரியில் வையுங்கள்.

3. வாரம் ஒருமுறை திறந்து, துணி காய்ந்திருந்தால் ஈரமாக்குங்கள். பூஞ்சணம் பிடித்த விதையை எடுத்துவிடுங்கள்.

4. இரண்டு முதல் மூன்று மாதத்தில் எந்த டப்பாவில் அதிக விதை முளைக்கிறது என்று எண்ணுங்கள். ஆப்பிள் ஏற்கெனவே குளிர்கிடங்கில் பல மாதம் இருந்திருந்தால் சில விதைகள் சீக்கிரமே முளைக்கலாம். அப்படி நடந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாங்கொட்டையை இப்படி ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அதற்கு உறக்கநிலையே கிடையாது, குளிர் பட்டாலும் காய்ந்தாலும் செத்துவிடும். பழம் தின்ற கையோடு மண்ணில் போட வேண்டும்.

இரண்டாவது வேலை இன்னும் எளிது. உங்கள் தெருவிலோ பள்ளியிலோ ஒரு மாமரத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறை அதைப் பார்த்து, கொழுந்து, பூ, பிஞ்சு, காய் இவற்றில் எது இருக்கிறது என்று எழுதுங்கள். பக்கத்தில் அன்றைய அதிகாலை வெப்பநிலையையும் மழை பெய்ததா என்பதையும் குறியுங்கள். நாடு முழுவதும் மாணவர்கள் இப்படி எழுதும் குறிப்புகளைச் சேர்க்க ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டம் 2010 முதல் நடக்கிறது. பள்ளியாகவும் சேரலாம், தனியாகவும் சேரலாம். ஓர் ஆண்டுக் குறிப்பு அந்த ஆண்டின் கதையை மட்டும்தான் சொல்லும். உங்கள் தம்பி தங்கைகளும் தொடர்ந்து எழுதினால், பத்து ஆண்டில் மாம்பூ முன்னே நகர்ந்திருக்கிறதா, பின்னே போயிருக்கிறதா என்று ராஜபாளையம் பிள்ளைகளே கணக்குச் சொல்லிவிடலாம்.